யாரும் இல்லை என்று நான்தான் சொன்னேன்

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஜன்னலுக்கு வெளியே, ராத்திரி பெய்த பனி நிறுத்தியிருந்த கார்களை எல்லாம் ஒரே நிறமாக்கி வைத்திருந்தது. ரேடியேட்டர் சூடு காலில் பட்டது. டீயைக் குடித்து முடிப்பதற்குள் காலையின் முதல் அழைப்பு வந்துவிட்டது.

திரையில் இரண்டே விவரம்தான் வரும். ‘இருதயப் பிரிவு. தமிழ்.’ எந்த ஊர் ஆஸ்பத்திரி, நோயாளியின் பெயர் என்ன என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். டாக்டர் ஒரு பெண். குரல் மெதுவாக இருந்தது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொல்வதை அப்படியே தமிழில் சொல்வேன். நீங்கள் சொல்வதை அப்படியே ஜெர்மனில் சொல்வேன். இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது.”

பிறகு ஒரு ஆண் குரல் கேட்டது.

“இன்னாம்மா சொல்றாங்க டாக்டரம்மா? ஆபரேஷன் கண்டிப்பா வேணுமாமா?”

இன்னாம்மா. அந்த ஒரு சொல்லில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இந்த ஹெட்போனில் ஒருவரும் ‘இன்னா’ சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊர் ஆள் ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் சொல்வதற்கு முன்னால், போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுத் திருப்பத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது இதற்குள்தான் வருகிறது. ‘வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டில் எப்படி வேலை பிடித்தீர்கள்? வாழ்க்கை நன்றாக இருக்கிறதா?’ என்பது அவர் கேள்வி.

கதவு இருக்கிறதா?

நான் ஜெர்மன் படித்தது எனக்காக இல்லை. என் கணவர் டேவிட் நர்ஸ். ஜோலார்பேட்டைக்காரர், ரயில்வே குடும்பம். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு அந்த மொழியில் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். ராத்திரி டூட்டி முடித்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்த உடனே அவருக்குத் தூக்கம் வரும். அவரை எழுப்பி எழுப்பி நான் கேள்வி கேட்பேன். கேள்வி கேட்கிறவளுக்குப் பதில் தெரிய வேண்டும் அல்லவா? அப்படித்தான் படித்தேன். கடைசியில் அவர் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனார். எனக்கு அந்த மொழி ஒட்டிக்கொண்டது.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள் நான். ஷூவுக்குள் கைவிட்டு, தையல் எங்கே புடைத்திருக்கிறது, லைனிங் எங்கே சுருங்கியிருக்கிறது என்று விரலால் பார்ப்பது. இங்கே வந்த புதிதில் அந்த விரலுக்கு மதிப்பில்லை. கடைகளில் கேட்டேன். கிடங்குகளில் கேட்டேன். ஒரு செருப்புக் கடையில் வேலை கேட்கப் போனபோது, அங்கிருந்த ஷூவுக்குள் என் கை தானாகவே போய்விட்டது. கடைக்காரம்மா என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மொழிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில்தான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிகளுக்கு, அரசு அலுவலகங்களுக்கு, போன் வழியாக மொழிபெயர்க்க ஆள் தேவை. தமிழ் என்று அதில் இருந்தது. நான் மூன்று முறை படித்தேன். தமிழ் பேசத் தெரிந்ததற்கு ஒருத்தர் சம்பளம் தருவார் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

நேர்காணலில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் வீட்டில் சாத்திக்கொள்ளக் கதவு உள்ள அறை இருக்கிறதா?”

ஆம்பூரில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் படுத்தவர்கள். இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கே நம்பிக்கையில்லை. துணி காயப்போடுகிற சின்ன அறையைக் காலி செய்து மேஜை போட்டோம். அதுதான் இன்றைக்கும் என் ஆபீஸ்.

சக்தியும் சத்தியும்

ஜெர்மனியில் தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்துக்காரர்கள். எனக்குத் தேர்வு வைத்ததும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாதான். நோயாளி மாதிரி நடித்தார்.

“பிள்ளை, இரவு முழுக்கச் சத்தி. ஒண்டும் வயித்தில நிக்குதில்லை.”

நான் ஜெர்மனில் சொன்னேன், ‘இரவு முழுக்க எனக்குச் சக்தி இருந்தது.’

அந்த அம்மா சிரித்துச் சிரித்து இருமினார். “சக்தி இல்லையம்மா. சத்தி. வாந்தி. உங்கட ஊரில வேற மாதிரியோ?”

வேற மாதிரிதான். நான் திரும்பத் தமிழ் படித்தேன். ஏலாது என்றால் முடியாது. தலையிடி என்றால் தலைவலி. கதைப்பது என்றால் பேசுவது. என் பேச்சிலிருந்த ‘இன்னா’, ‘ஜாஸ்தி’, ‘கம்மி’ எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, யாருக்கும் புரிகிற ஒரு சுத்தமான தமிழில் பேசப் பழகினேன். சில நாள் டேவிட்டிடமே அப்படிப் பேசிவிடுவேன். “இன்னாடி, ரேடியோ மாதிரி பேசற?” என்பார்.

பயிற்சியில் இரண்டு விதிகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒன்று, கேட்டது எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது. கட்டின புருஷனிடம்கூட. இரண்டு, ‘அவர் சொல்கிறார்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. அவர் ‘எனக்கு வலிக்கிறது’ என்றால் நானும் ‘எனக்கு வலிக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வருவது அவருடைய ‘நான்’. காலையில் எனக்குப் பிரசவ வலி வரும். மத்தியானம் எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். சாயங்காலம் என் மகன் பள்ளிக்கூடத்தில் அடிதடி செய்திருப்பான். கதவைத் திறந்து வெளியே வந்தால் நான் மறுபடி பிரேமா.

நன்றாக இருக்கிறதா?

நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன்.

குழாயைத் திறந்தால் குடிக்கலாம். ஆற்றில் அடியில் கிடக்கிற கல் தெரிகிறது. பாலாற்றில் எந்தக் கம்பெனித் தண்ணீர் எந்த நிறத்தில் வரும் என்று பார்த்து வளர்ந்த நான், முதல் தடவை அந்த ஆற்றைப் பார்த்தபோது குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊரே காட்டுக்குள் நடக்கப் போகிறது. அதற்கு ஒரு காரணமும் வேண்டியதில்லை.

ஒரு நாள் காய்ச்சலோடு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேலாளர் பிர்கிட் போன் செய்தார். குரல் கோபமாக இருந்தது. என்ன தப்பு செய்தேனோ என்று பயந்தேன்.

“உன் மூக்கு அடைத்திருப்பது கேட்கிறது. உடம்பு சரியில்லாமல் ஏன் வேலை செய்கிறாய்? போனை வை. போய்ப் படு” என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். திட்டு வாங்கி அழுதிருக்கிறேன். படுத்துக்கொள் என்று சொன்னதற்கு அழுதது அதுதான் முதல் முறை. என் அக்கா ஜெயா ஷூ கம்பெனியில் மாதவிலக்கு நாளில்கூட மெஷினை விட்டு எழுந்திருக்க சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளிடம் இதைச் சொன்னபோது, “மெய்யாவா? மெய்யாவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இவ்வளவு இதமான ஒரு வாழ்க்கைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் அந்தக் குரலைக் கேட்டேன்.

அந்தக் குரல்

டாக்டர் விளக்கினார். இருதயத்துக்குப் போகிற மூன்று குழாய்களில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை. நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“கைல வலி கம்மிதான்மா. மார்லதான் ஜாஸ்தி. மாடி ஏறனா இறுக்கிப் புடிக்குது. நா சொல்றது ரைட்டா தப்பா?”

என் பேனா நின்றது.

ஒவ்வொரு பேச்சுக்கும் வால் மாதிரி ‘நா சொல்றது ரைட்டா தப்பா’ என்று சேர்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவரை அப்படித்தான் கிண்டல் செய்வோம். என் அக்காவின் கணவர். தேவராஜ் மாமா. ஆனால் அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஊரில் இப்படிப் பேசுகிறவர் ஒருத்தர்தானா இருப்பார் என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். முன்பு என்ன வேலை செய்தீர்கள்? புகை, ரசாயனம் ஏதாவது சுவாசித்ததுண்டா?

“ஊர்ல டேனரில இருந்தேன். ஆம்பூர்ல. தோலுக்குக் கலர் ஸ்ப்ரே பண்ற செக்‌ஷன். அப்பறம் இத்தாலில அதே வேலை. இங்க வந்தப்பறம் ஓட்டல் கிச்சன்தான்.”

இத்தாலிக்குத்தான் மாமா போனார். தோல் வேலைக்கு. ஸ்ப்ரே செக்‌ஷனில் இருந்தவர்தான்.

அந்தப் பதிலை நான் ஜெர்மனில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ‘நான் ஆம்பூரில் இருந்தேன்’ என்று என் வாய் சொன்னது. அது எனக்கும் உண்மை என்பது டாக்டருக்குத் தெரியாது. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. பாதியில் விட்டுப் போனால் அந்த மனிதர், என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் அங்கே உட்கார்ந்திருப்பார்.

டாக்டர் கேட்டார். “ஆபத்து குறைவு. ஆனாலும் ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? இங்கேயோ இந்தியாவிலோ மனைவி, பிள்ளைகள்?”

நான் தமிழில் கேட்டேன்.

“யாரும் இல்லம்மா. எனக்கு யாரும் இல்ல.”

அவருக்கு மனைவி இருந்தாள். அவள் அந்த நேரத்தில் கம்பெனி கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பாள். மகள் ஷீபா வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன், அவர் காதுக்குள்ளேயே.

விதி இரண்டு. நான் ஜெர்மனில் சொன்னேன். எனக்கு யாரும் இல்லை. அந்த மொழியில் மூன்றே சொற்கள்.

எல்லாம் முடிந்து டாக்டர் நன்றி சொல்லும்போது அவர் குறுக்கிட்டார். “நீ எந்த ஊர் பொண்ணும்மா? சுத்தமாத்தான் பேசற. ஆனா நடுவுல நம்ம ஊர் வாசனை அடிக்குது.”

சொந்தமாகப் பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அதையும் டாக்டரிடம் மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்தார். “பரவாயில்லை, சொல்லுங்கள்.”

“வேலூர் பக்கம்” என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “சரிம்மா. நல்லாரு” என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அக்கா சீக்கிரம் வந்த நாள்

நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பில் இருந்த வருஷம். ஷீபா அப்போது நடக்கப் பழகியிருந்தாள். மாமா இத்தாலிக்குப் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் வாரம் தவறாமல் பேசியவர், பிறகு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு அதுவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா கம்பெனியிலிருந்து பாதியில் வந்தாள். கூட வேலை செய்கிற ஒரு அம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி கேட்டுக்கு வெளியே போன் வந்ததாம். பேசிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். எங்கள் அம்மா பதறிக்கொண்டு கேட்டாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அவரு போய்ட்டாரும்மா.”

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். தெரு கூடிவிட்டது. ஆற்காட்டிலிருந்து, காவேரிப்பாக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். உடலைக் கொண்டுவர முடியுமா என்று யாரோ கேட்டதற்கு, முடியாது என்று மட்டும் அக்கா சொன்னாள். போதகர் வந்து நினைவு ஆராதனை நடத்தினார். அக்கா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதிர்ச்சி, பாவம், உறைந்துபோய்விட்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அம்மா சாகும்வரை மருமகனுக்காக ஜெபம் செய்தாள்.

‘அதை நீதானே சொன்னாய்’

பிர்கிட்டுக்குப் போன் செய்தேன். நோயாளி எனக்கு உறவு என்று சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரியே இதமாகப் பேசினார். இன்றைக்கு வேலை வேண்டாம், அவருடைய அழைப்பு இனி உனக்கு வராது என்றார்.

“என் அக்காவிடம் சொல்ல வேண்டும்” என்றேன்.

“கூடாது.”

“அவள் அவர் மனைவி. செத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.”

“பிரேமா, அவரிடம் கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொன்னார். அதை நீதானே சொன்னாய்.”

படுத்துக்கொள் என்று திட்டிய அதே குரல். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. போனை வைப்பதற்கு முன்னால் பிர்கிட்டே ஒரு வழி சொன்னார். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். மொழிபெயர்த்தவர் உங்கள் உறவு, குடும்பத்துக்குச் சொல்லலாமா என்று அவர் மூலமாக நோயாளியிடம் கேட்கச் சொல்கிறேன். சம்மதித்தால் சரி. இல்லையென்றால், நீ எதையும் கேட்கவே இல்லை.

டேவிட் வந்தபோது நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்த்தார்.

“வேலை விஷயமா?”

“ம்.”

“அப்போ சொல்லாத. சாதம் நா வெக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல வீடியோவில் வந்தாள். தலைக்குக் குளித்து, துண்டு கட்டியிருந்தாள். புது மேனேஜர் பேஜார் பிடித்தவன் என்றாள். ஷீபா பரீட்சைக்குப் படிக்காமல் போனை நோண்டுகிறாள் என்றாள். எனக்கு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? மயங்கி விழுந்தால் தூக்கக்கூட அங்கே ஆள் கிடையாது.

“இன்னாடி பேயறஞ்ச மாதிரி இருக்கற?” என்றாள். குளிர் என்றேன்.

அந்த ஒரு சொல்

அடுத்த சில நாளில் பிர்கிட் கூப்பிட்டார். மாமா சம்மதித்துவிட்டார். மனைவியிடம் மட்டும் சொல்லலாம் என்றாராம். மகளுக்குச் சொல்வதும் சொல்லாததும் மனைவி இஷ்டம் என்றாராம். குடும்பத்துக்குத் தரச்சொல்லி ஒரு போன் நம்பரும் கொடுத்திருந்தார். அறுவை சிகிச்சை அடுத்த வாரம்.

அக்கா ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று பார்த்துக் கூப்பிட்டேன். முதலில் உட்காரச் சொன்னேன். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். நர்ஸ் பெண்டாட்டி அல்லவா, எல்லா ஜாக்கிரதையும் செய்துகொண்டேன். பிறகு சொன்னேன்.

“அக்கா, மாமா உசுரோட இருக்காரு. இங்க ஜெர்மனில. நானே பேசனேன்.”

அவள் கத்தவில்லை. மயங்கவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“தெரியும்டி” என்றாள்.

நான் தப்பாகக் கேட்டேனோ என்று, வேலையில் கேட்பது மாதிரி, “திரும்பச் சொல்ல முடியுமா?” என்றேன்.

“உசுரோட இருக்கறது தெரியும்னேன். ஜெர்மனின்னு தெரியாது. அன்னிக்கு கம்பெனி கேட்டாண்ட போன் பண்ணது அவன்தான். அங்க ஒருத்திகூட இருக்கேன், இனிமே வரமாட்டேன், மன்னிச்சுடுன்னான். அப்போ எங்களுக்கு நீ இல்ல, உனக்கும் நாங்க யாரும் இல்ல, இனிமே போன் பண்ணாதன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.”

“நீ செத்துட்டாருன்னு சொன்னியேக்கா.”

“நா எப்போடி சொன்னேன்? போய்ட்டாருன்னுதான் சொன்னேன். அம்மா மார்ல அடிச்சிகினு அழுதுச்சி. தெருவே வந்துடுச்சி. இன்னா சொல்லி நிறுத்தறது? அப்டியே உட்டுட்டேன்.”

“இத்தினி வருஷமா?”

“ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா, நீ சரியில்ல, அதான் போய்ட்டான்னுவாங்க. கண்டவன் கதவ தட்டுவான். செத்தவன் பொண்டாட்டின்னா நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க. கைல கொழந்த, நீ படிச்சிகினு இருக்கற. எனக்கு நாற்காலிதான் தேவையா இருந்துச்சி.”

“அம்மாகிட்டயாவது…”

“அம்மா வாயில நிக்குமா?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “அது ஒண்ணுதான் மனசுல கெடக்குது. அவனுக்காக அழுது அழுது ஜெபம் பண்ணிச்சே, அத பாத்துகினு பக்கத்துல முட்டி போட்டேனே.”

நான் அழுதேன். அக்காவுக்காகவா, அம்மாவுக்காகவா, அந்த மனிதருக்காகவா, தெரியவில்லை. சொற்களை அங்கிருந்து இங்கே மாற்றுவது என் தொழில். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அதன்மேல் அத்தனை வருஷம் குடியிருந்திருக்கிறோம்.

“இப்போ யாரு இருக்கா கூட?” என்று அக்கா கேட்டாள்.

“யாரும் இல்லன்னாரு.”

“நா சொன்னத காப்பாத்தறான் போல” என்றாள். அதில் கேலி இல்லை. “ஷீபாகிட்ட நா சொல்லிக்கறேன். நீ சொல்லாத.”

நம்பர்

மறுநாள் மாலை ஷீபா கூப்பிட்டாள். விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெண்கள் பக்கெட்டோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் கண் வீங்கியிருந்தது. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

“அம்மா சொல்லிச்சி சித்தி.”

“உனக்கு எங்கிட்ட எதுனா கேக்கணுமா?”

“உனக்கு இன்னா தெரியும்? நீ ஒரு போன்ல கேட்ட, அவ்ளோதான. அவரு நம்பர் இருந்தா குடு.”

எனக்குப் பயமாக இருந்தது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிற இருதயம். இந்தப் பெண் என்ன கேட்பாள், அவர் என்ன சொல்வார்? “நா முதல்ல பேசறேன். நீ கேக்கறத எங்கிட்ட சொல்லு. நா பக்குவமா அவருகிட்ட கேட்டுட்டு உனக்குச் சொல்றேன்” என்றேன்.

ஷீபா தலையை ஆட்டினாள். “நடுவுல நீ வேணாம் சித்தி. அவரு தமிழ்தான பேசறாரு.”

நம்பரை அனுப்பினேன். பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் விடுதிச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்று மட்டும் அக்கா சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நானும் டேவிட்டும் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். என் கல்யாணத்துக்கு இல்லாத மாமா, டேவிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், இந்த ஊர் சாப்பாட்டில் உப்பு கம்மி என்றார். நெஞ்சில் பெரிய கட்டு. அந்தக் குரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்த ஆளுடையது. மற்றபடி யாரோ ஒரு வயதானவர். கூட இருந்த அந்தப் பெண் எப்போதோ பிரிந்து போய்விட்டாளாம். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

இதை எழுதலாமா என்று மூன்று பேரிடமும் கேட்டேன். அவர் சரி என்றார். ஷீபா தோளைக் குலுக்கினாள். அக்காதான் யோசித்தாள். பெயர்களை மாற்று, கம்பெனி பெயரைப் போடாதே என்றாள். மாற்றியிருக்கிறேன். ஊரில் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். “பிடிக்கட்டும். இப்போ நாற்காலி நானே வாங்கிப் போட்டுக்குவேன்” என்றாள்.

அவள் இதுவரை அவரோடு பேசவில்லை. பேசுவாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, மற்ற எல்லாக் கதையும் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்.

“எழுந்து நடக்கறானா?”

“நடக்கறாருக்கா. வராண்டா வரைக்கும்.”

அக்கா எங்கேயோ பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

“நடக்கட்டும்” என்றாள்.